போர்டில் பத்து, தாளில் பதினைந்து

1

இது கதையாக ஆரம்பிக்கவில்லை. ஆசிரியர் சங்கத்து ஆண்டு மலருக்கு இரண்டு பக்கக் கட்டுரை கேட்டிருந்தார்கள். தலைப்பையும் அவர்களே கொடுத்துவிட்டார்கள்: 'மொழிச் சிறுபான்மை மாணவர்களும் அறிவியல் கலைச்சொற்களும்: என் அனுபவம்'. வீட்டில் உருது பேசுகிற பிள்ளைகளைப் பத்தாம் வகுப்பு அறிவியலில் ஒருவர் விடாமல் பாஸ் செய்யவைத்தவர் என்று யாரோ என் பெயரைச் சொல்லியிருக்கிறார்கள். கட்டுரையோடு பாஸ்போர்ட் சைஸ் போட்டோ ஒன்று இணைக்க வேண்டும். மலர் வெளியிடுகிற அன்று மேடையில் சால்வை உண்டாம்.

போட்டோவைத் தேடி எடுத்துவிட்டேன். அது சுலபமாக முடிந்தது. பிறகு உட்கார்ந்து இப்படி ஆரம்பித்தேன்:

செஞ்சிக் கோட்டையின் நிழலில் அமைந்த எங்கள் பள்ளியில், தாய்மொழி வேறாக இருந்தபோதிலும், கலைச்சொற்களை எளிமைப்படுத்தி

இதற்கு மேல் வண்டி ஓடவில்லை. கோட்டையின் நிழல் எங்கள் பள்ளிமேல் விழாது, நடுவில் பஸ் ஸ்டாண்டு இருக்கிறது. அதுகூடப் பரவாயில்லை, மலரில் எல்லோரும் இப்படித்தான் எழுதுவார்கள். 'எளிமைப்படுத்தி' என்று கை எழுதியதே, அங்கேதான் பேனா நின்றது. அடுத்த தாளை எடுத்தேன்.

அஃப்ஷான் என்ற மாணவிக்கு நான்

இதுவும் அவ்வளவுதான். கட்டுரை என்றால் கடைசியில் ஒரு பரிந்துரை சொல்ல வேண்டும். என்னிடம் பரிந்துரை எதுவும் இல்லை. நான் செய்த காரியம் ஒன்றுதான் இருக்கிறது.

2

டீச்சருக்குத் தனகோட்டி என்று பெயர் வைக்கிறேன். என் பெயர் அதில்லை, ஆனால் அவள் செய்தது எல்லாம் நான் செய்தது. 'நான்' என்று போட்டு நாலு தடவை எழுதிப் பார்த்தேன். நாலு தடவையும் மூன்றாவது பாராவுக்குள் நல்லவளாகிவிட்டேன். சுகர், வேலைப் பளு, மேலிடத்து நெருக்கடி என்று ஏதாவது ஒன்று வந்து எனக்கு முட்டுக் கொடுத்துவிடுகிறது. 'அவள்' என்று எழுதினால் அந்தத் தொல்லை இல்லை. அடுத்தவளைப் பற்றிப் பேசுவதென்றால் நமக்கு வருகிற சுறுசுறுப்பே தனி.

'அவர்' என்று மரியாதையாகப் போடலாமா என்றும் யோசித்தேன். ஸ்டாஃப் ரூமில் எல்லோரும் அப்படித்தான் சொல்கிறார்கள். இந்தக் கதையில் அவளுக்கு அது வேண்டாம்.

3

தனகோட்டி டீச்சர் வல்லத்திலிருந்து ஸ்கூட்டியில் வந்துபோகிறவள். இருபத்தாறு வருஷ சர்வீஸ். வராந்தாவில் அவள் செருப்புச் சத்தம் கேட்டால் மூன்று வகுப்பு அமைதியாகும். தனகோட்டி கிளாஸில் ஃபெயிலே கிடையாது என்று ஊரில் பேச்சு. அந்தப் பேச்சு அவளுக்கு உயிர்.

ஃபெயில் இல்லாமல் இருப்பதற்கு ஒரு முறை வைத்திருந்தாள். ஆகஸ்ட் மாதமே பிள்ளைகளை இரண்டாகப் பிரித்துவிடுவாள். ஒரு பக்கம் தேறுகிறவர்கள், இன்னொரு பக்கம் மெல்லக் கற்போர். மெல்லக் கற்போருக்குப் புத்தகம் முழுக்கக் கிடையாது. எட்டே பாடம், ஜெராக்ஸ் எடுத்த பன்னிரண்டு பக்கம். சாயந்திரம் சாயந்திரம் உட்கார்ந்து அதையே எழுதிக்கொண்டிருந்தால் முப்பத்தைந்து வந்துவிடும். மீதிப் பாடம் நடக்கும்போது அவர்கள் வகுப்பில்தான் இருப்பார்கள், ஆனால் அவர்களை யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள்.

யார் எந்தப் பக்கம் என்று வாய்மொழியாகக் கேள்வி கேட்டு முடிவு செய்வாள். எழுந்து நில், குவியத் தூரம் என்றால் என்ன, சொல். மஞ்சு என்ற பெண் மூச்சு விடாமல் சொன்னாள்: குவியத் தூரம் என்பது லென்சின் ஒளியியல் மையத்திற்கும் முதன்மைக் குவியத்திற்கும் இடைப்பட்ட தொலைவு ஆகும். அந்த 'ஆகும்' வரை வந்துவிட்டால் தேறுகிறவள். மஞ்சு கையில் ஒரு லென்சைக் கொடுத்து, நீ சொன்ன தொலைவு எங்கே இருக்கிறது, காட்டு என்றிருந்தால் திருதிருவென்று விழித்திருப்பாள். டீச்சர் கொடுக்கவில்லை.

அடுத்து அஃப்ஷான். மார்க்கெட் கமிட்டியில் மணிலாக் கடலை மூட்டை ஏற்றுகிற மினி லாரி டிரைவர் சாந்த் பாஷாவின் பெண். அஞ்சாவது வரை உருது மீடியம், ஆறாவதிலிருந்து எங்கள் பள்ளி. வீட்டில் உருது, கடைத்தெருவில் நம்மைப் போலவே தமிழ். புத்தகத்தில் இருப்பது இரண்டிலும் சேராத மூன்றாவது பாஷை. எழுந்து நின்று கொஞ்ச நேரம் ஜன்னலையே பார்த்தாள். பிறகு சொன்னாள்.

"லென்சுக்கும், தூரத்துல இருக்கற பொருளோட படம் தெளிவா விழற எடத்துக்கும் நடுவுல எவ்ளோ இருக்குதோ, அது மிஸ்."*

வகுப்பு சிரித்தது. டீச்சர் சிரிக்கவில்லை. சிரித்தவர்களை அடக்கவும் இல்லை. புக்கில் இருக்கிற மாதிரி சொல் என்றாள். அஃப்ஷானுக்கு 'ஒளியியல்' வரை வந்தது, அதற்குமேல் வரவில்லை. உருது பேசுகிற மற்ற நாலு பெண்களோடு அவள் பெயரும் பட்டியலில் ஏறியது.

அந்த ஐந்து பேரும் கடைசி பெஞ்சில் சேர்ந்து உட்கார்ந்திருந்தார்கள். பாடம் நடக்கும்போது குசுகுசுவென்று உருதுவில் ஏதோ ஓடிக்கொண்டே இருக்கும். டீச்சர் ஒரு நாள் பொறுக்காமல் ஐவரையும் ஐந்து பெஞ்சுக்குப் பிரித்து, தமிழ்ப் பிள்ளைகளுக்கு நடுவே ஒவ்வொருத்தியாக உட்காரவைத்தாள். தமிழ் காதில் விழுந்தால்தானே தமிழ் வரும் என்றாள். அப்போது அது நல்ல காரியம் என்று மனதார நம்பினாள். அஃப்ஷான் அத்தனை நாளும் அங்கே என்ன பேசினாள் என்பதை மஞ்சு போன மாதம்தான் எனக்குச் சொன்னாள். டீச்சர் நடத்தியதை அவள் அந்த நாலு பேருக்கும் உருதுவில் திரும்ப நடத்திக்கொண்டிருந்திருக்கிறாள்.

* சரியான பதில். இதை மேலேயே எழுதியிருக்க வேண்டும். இங்கே கொண்டுவந்து போட்டதற்குக் காரணம், அடிக்குறிப்பை யாரும் அவ்வளவாகப் படிக்கமாட்டார்கள் என்ற நப்பாசைதான்.

4

ஜனவரியில் மாதிரிச் செய்முறைத் தேர்வு. இங்கே லேப் வழக்கம் ஒன்றைச் சொன்னால்தான் கதை விளங்கும். பரிசோதனை செய்து அளந்து எழுத வேண்டிய எண்ணை நாங்கள் ரீடிங் என்போம். டீச்சர் அந்த ரீடிங்கைப் பரிசோதனைக்கு முன்பே போர்டில் எழுதிப் போட்டுவிடுவாள். நாற்பத்தைந்து பிள்ளைகள், ஆறு லென்ஸ், ஒன்றரை மணி நேரம். மெல்லக் கற்போருக்கு மட்டும் என்றுதான் ஒரு காலத்தில் ஆரம்பித்தது. அப்புறம் எல்லோருக்குமே வசதியாகிவிட்டது. எல்லாப் பள்ளியிலும்

[இந்த வாக்கியத்தை முடிக்கப்போவதில்லை. எல்லாப் பள்ளியையும் எனக்குத் தெரியாது. இந்த லேப்பைத் தெரியும்.]

அன்றைக்குக் குவிலென்ஸ். ஜன்னலோரம் லென்சை நிறுத்தி, பின்னால் ஒரு வெள்ளை அட்டையைப் பிடித்து, தூரத்தில் இருக்கும் பொருளின் படம் அட்டையில் தெளிவாக விழும்வரை முன்னும் பின்னும் நகர்த்த வேண்டும். தெளிவாக விழுந்ததும் லென்சுக்கும் அட்டைக்கும் நடுவே ஸ்கேல் வைத்து அளந்தால் அதுதான் குவியத் தூரம். மூன்று தடவை செய்து சராசரி எழுத வேண்டும். போர்டில் 10.0, 10.1, 9.9 என்று இருந்தது. சராசரி பத்து. ஆறேழு வருஷமாக அதே பத்துதான். பிள்ளைகள் பேருக்கு லென்சைத் தொட்டுவிட்டு போர்டைப் பார்த்து எழுதிக்கொண்டிருந்தார்கள்.

அஃப்ஷான் மட்டும் ஜன்னலுக்குப் போனாள். அட்டையை வைத்து நகர்த்தினாள், அளந்தாள், கலைத்துவிட்டு மறுபடி முதலிலிருந்து செய்தாள். டீச்சர் பக்கத்தில் வந்தபோது அட்டையில் கோட்டை இருக்கும் ராஜகிரி மலை கட்டைவிரல் உயரத்துக்குத் தலைகீழாக விழுந்திருந்தது. டீச்சர் அதைப் பார்க்கவில்லை. [அடித்துவிடுங்கள். பார்த்தாள்.] நோட்டில் 15.1, 14.9, 15.0 என்று எழுதியிருந்தது.

"போர்டுல இன்னா போட்டிருக்குது?"

"பத்து மிஸ். ஆனா பத்துல வச்சா மங்கலா இருக்குது. பதினஞ்சுல தான் மலை நல்லா தெரிது."

"மங்கலா இருக்குதுன்னு பரீட்சையில எழுதுவியா? புக்ல அப்படி எழுதியிருக்குதா?"

அஃப்ஷான் வாயைத் திறந்தாள். என்ன வார்த்தை சொன்னால் டீச்சருக்கு அது அறிவியலாகத் தெரியும் என்று அவள் உள்ளுக்குள் தேடியது முகத்தில் தெரிந்தது. கிடைக்கவில்லை. பக்கத்து மேஜையிலிருந்து மஞ்சு, அவள் அளந்து பார்த்துத்தான் எழுதினாள் டீச்சர் என்று ஆரம்பித்தாள். உன் வேலையைப் பார் என்று அவள் வாயை டீச்சர் அடைத்தாள். பிறகு சிவப்புப் பேனாவை எடுத்து மூன்று எண்களையும் அடித்தாள். மேலே பத்து என்று எழுதினாள். ஓரத்தில் 'கவனக்குறைவு' என்று எழுதி, கீழே கோடு போட்டு, போர்டில் இருந்ததை இருபது தடவை எழுதிக்கொண்டு வரச் சொன்னாள்.

அஃப்ஷான் தனக்குத்தானே உருதுவில் ஏதோ முணுமுணுத்தாள். இங்கே தமிழில் பேசு என்றாள் டீச்சர். அதற்கப்புறம் அந்த வருஷம் முழுக்க லேப்பில் அஃப்ஷான் எந்த பாஷையிலும் பேசவில்லை. நிஜச் செய்முறைத் தேர்வில் போர்டைப் பார்த்துப் பத்து என்று எழுதினாள். எல்லோருக்கும் இருபத்தைந்துக்கு இருபத்தைந்து.

5

கதை எழுதுகிறவளாக எனக்கு இங்கே ஒரு சிக்கல். அஃப்ஷானுக்கு ஒரு பெரிய ஆசை இருந்தால் உங்களுக்கு இன்னும் வலிக்கும். டாக்டராக வேண்டும், செத்துப்போன தம்பியின் நினைவாக, என்று எழுதினேன். [தம்பி யாரும் சாகவில்லை. சாஹில் ஏழாவது படிக்கிறான், நன்றாகத்தான் இருக்கிறான்.] விஞ்ஞானியாக வேண்டும் என்று எழுதினேன், அவள் வாயில் அது ஒட்டவில்லை. உண்மையில் அவள் கேட்டது ஒன்றே ஒன்று. பிளஸ் ஒன்னில் பயாலஜி குரூப். அதுவும் எங்கள் பள்ளியிலேயே. ஏன் என்று அட்மிஷன் சமயத்தில் யாரோ கேட்டதற்கு, "பிடிக்கும்" என்றாளாம். அவ்வளவுதான். ஒரு பிள்ளைக்கு அறிவியல் பிடிக்கும் என்பது ஒரு கதைக்குப் போதாது என்று எனக்கே தோன்றியது பாருங்கள். இருபத்தாறு வருஷம் அறிவியல் டீச்சர்!

டீச்சரைக் கொடுமைக்காரியாகக் காட்டிவிட்டேனோ என்றும் சந்தேகமாக இருக்கிறது. அவள் பிள்ளைகளுக்கு ஜெராக்ஸ் தன் கையிலிருந்து எடுத்துக் கொடுப்பாள், பரீட்சை அன்று விடியற்காலை ஒவ்வொரு வீட்டுக்கும் போன் போட்டு எழுப்பிவிடு

[போதும். மறுபடியும் நல்லவளாகிக்கொண்டிருக்கிறாள்.]

6

மார்ச் கடைசியில் லேப் சாமான்களைத் துடைத்துப் பெட்டியில் வைக்கிற நாள். டீச்சர் ஒரு லென்சைத் துணியில் சுற்றப் போனவள், சுற்றாமல் ஜன்னலுக்குக் கொண்டுபோனாள். ஏன் போனாள் என்று கேட்காதீர்கள், எனக்கே இன்றுவரை தெரியவில்லை. அட்டையை வைத்து நகர்த்திப் பார்த்தாள். பத்தில் மலை வெறும் பச்சைக் கறை. மெல்லப் பின்னால் இழுத்தாள். பதினைந்தில் கோட்டைச் சுவர்கூடத் தெரிந்தது. இன்னொரு லென்சை எடுத்தாள். பதினைந்து. ஆறும் பதினைந்து.

லேப் அட்டெண்டர் பாவாடையைக் கூப்பிட்டுக் கேட்டாள். அவர் சாதாரணமாகச் சொன்னார்.

"பழசு எல்லாம் தட்டோட வுழுந்து ஒடஞ்சிடுச்சே டீச்சர். இது தீபாவளிக்கு முன்ன வாங்கனது. நீங்கதான எதா இருந்தாலும் பரவால்ல, வாங்கினு வான்னீங்க."

எதாக இருந்தாலும் பரவாயில்லை. சொல்லியிருப்பாள். போர்டில் பத்து என்று இருக்கும்போது பெட்டியில் எந்த லென்ஸ் இருந்தால் என்ன?

அந்த வருஷம் அந்த அறையில் நாற்பத்தைந்து பிள்ளைகளும் ஒரு டீச்சரும் இருந்தார்கள். பரிசோதனை செய்தது ஒருத்தி. அவள் நோட்டில்தான் கவனக்குறைவு என்று எழுதியிருந்தது. பாவாடையின் முகத்தைப் பார்க்காமல் லென்ஸ்களைச் சுற்றி வைத்தாள். யாரிடமும் மூச்சுவிடவில்லை.

7

ரிசல்ட் வந்தது. அறிவியலில் அஃப்ஷான் ஐம்பத்தேழு. மெல்லக் கற்போர் பட்டியலிலிருந்து அதுவரை எவரும் ஐம்பதைத் தாண்டியதில்லை. நடத்தியது எட்டுப் பாடம்தான். மீதியை அந்தப் பெண் எந்த பாஷையில் தனக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டாளோ, எனக்குத் தெரியாது. பயாலஜி குரூப்புக்கு எங்கள் பள்ளியில் அறுபது வேண்டும்.

ஜூனில் அட்மிஷன். ஹெட்மாஸ்டர் இளவழகன் சார் நல்ல மனுஷன். மேஜைக்கு முன்னால் சாந்த் பாஷா லாரி சாவியைக் கையில் பிடித்தபடி நிற்கிறார், பக்கத்தில் அஃப்ஷான். சார் மார்க் ஷீட்டைப் பார்த்துவிட்டு, உள்ளே வந்த தனகோட்டி டீச்சரைப் பார்த்தார்.

"மூணு மார்க்குதான் டீச்சர் குறையுது. உங்க பிள்ள. நீங்க முடியும்னு சொன்னா போட்டுடறேன்."

இதை எத்தனை தடவை எழுதினாலும் அதே பதில்தான் வருகிறது.

"தமிழே தகராறு சார். சயின்ஸ் குரூப் எடுத்தா ரொம்ப கஷ்டப்படும்."

அஃப்ஷானுக்கு இரண்டடி தள்ளி நின்று சொன்னாள். சொன்னது அக்கறை மாதிரியே இருந்தது. சாந்த் பாஷா, டீச்சர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று தலையாட்டினார். அஃப்ஷான் டீச்சரைப் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். தனக்குத் தெரியாத ஏதோ ஒரு காரணம் டீச்சருக்குத் தெரிந்திருக்கிறது, அதைக் கண்டுபிடிக்க வேண்டும் என்பது மாதிரி பார்த்தாள். காமர்ஸ் குரூப்பில் பெயர் எழுதினார்கள்.

ஏன் அப்படிச் சொன்னாள்? அவள் பயாலஜிக்கு வந்தால் அதே லேப்புக்குத்தான் வருவாள். வேறு டீச்சர் இருப்பார். பதினைந்தும் அவளோடு உள்ளே வரும். அது ஒரு நாள் வெளியே வந்தால், இருபத்தாறு வருஷப் பெயர் என்ன ஆவது? ஒரு பிள்ளையின் இரண்டு வருஷத்தைவிட அந்தப் பெயர் டீச்சருக்குப் பெரிதாக இருந்தது. எழுதிவிட்டேன்.

8

கட்டுரை கேட்டு சங்கத்திலிருந்து கடிதம் வந்த அதே வாரம் ஹெட்மாஸ்டர் ஒரு சர்க்குலர் விட்டார். பிளஸ் ஒன்னில் குரூப் மாற விரும்புகிறவர்கள் பாடம் நடத்திய ஆசிரியரின் பரிந்துரையோடு திங்கட்கிழமை பத்து மணிக்குள் ஃபாரம் கொடுக்கலாம். டீச்சர் ஒரு ஃபாரத்தை வாங்கி ஹேண்ட்பேக்கில் வைத்துக்கொண்டாள். ஹெட்மாஸ்டர் அறையைத் தாண்டித்தான் கேட்டுக்குப் போனாள். உள்ளே போகவில்லை. நேற்று, சனிக்கிழமை மத்தியானம், அஃப்ஷான் வீட்டுக்குப் போனாள்.

சாந்த் பாஷா திண்டிவனத்துக்கு லோடு போயிருந்தார். அம்மா ரோஷன் பீ இருந்தாள். ஆந்திராவில் மதனப்பள்ளிப் பக்கத்திலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவள், கடையில் சாமான் வாங்குகிற அளவுக்குத்தான் தமிழ். டீச்சரைப் பார்த்ததும் பதறிப்போய் நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். அஃப்ஷான் கதவோரம் நின்றாள்.

டீச்சர் சொன்னாள். போர்டில் எழுதுகிற வழக்கத்தையும், லென்ஸ் மாறியதையும், மார்ச்சில் தனக்குத் தெரிந்ததையும், ஜூனில் தான் சொன்னதையும் ஒன்று விடாமல் சொன்னாள். நடுவில் இரண்டு தடவை அழுகை வந்தது. பத்து நிமிஷத்துக்குக் குறையாது. ரோஷன் பீ டீச்சரின் முகத்தையும் மகளின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். டீச்சர் முடித்ததும் மகளிடம் ஏதோ கேட்டாள்.

அஃப்ஷான் உருதுவில் பதில் சொன்னாள். ஐந்தாறு வார்த்தை இருக்கும். ரோஷன் பீயின் முகம் மலர்ந்துவிட்டது. எழுந்து வந்து டீச்சரின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு என்னென்னவோ சொன்னாள். எந்த இடத்தில் தலையாட்ட வேண்டும் என்று தெரியாமல் டீச்சர் எல்லா இடத்திலும் தலையாட்டினாள்.

"அம்மா தேங்க்ஸ் சொல்றாங்க மிஸ். கஷ்டப்பட்டு பாஸ் பண்ண வச்சீங்களாம்."

"நீ அவங்ககிட்ட இன்னா சொன்ன?"

"நீங்க வந்த விஷயத்த சொன்னேன்."

பத்து நிமிஷத்துப் பேச்சை ஐந்தாறு வார்த்தையில் எப்படிச் சொல்ல முடியும்? அம்மா வருத்தப்படக்கூடாது என்று மறைத்தாளா, டீச்சர் மானம் போகக்கூடாது என்று மறைத்தாளா, இதையெல்லாம் எடுத்துச் சொல்லி என்ன ஆகப்போகிறது என்று விட்டுவிட்டாளா? தெரியவில்லை. அவள் சொன்ன அந்த வாக்கியம்தான் இந்தக் கதையில் முக்கியமான வாக்கியம் என்று எனக்குப் படுகிறது. அது என் கையில் இல்லை.

டீச்சர் எடுத்து நீட்டிய ஃபாரத்தில், மகள் காட்டிய இடத்தில், ரோஷன் பீ வலமிருந்து இடமாகக் கையெழுத்துப் போட்டாள். ஏலக்காய் போட்ட டீ வந்தது. அம்மாவும் பெண்ணும் ஏதோ பேசிக்கொண்டார்கள், சிரித்தார்கள். டீச்சரும் சிரித்துவைத்தாள். தன்னைப் பற்றித்தான் பேசுகிறார்களோ என்று பட்டது. அரை மணி நேரத்தில் புடவை முதுகில் ஒட்டிக்கொண்டது. இந்தப் பிள்ளை என் வகுப்பில் ஒரு வருஷம் இப்படித்தான் உட்கார்ந்திருந்தாள்.

ஸ்கூட்டி வரைக்கும் அஃப்ஷான் கூட வந்தாள்.

"சார்கிட்ட சொல்லிட்டீங்களா மிஸ்?"

"இன்னும் இல்லம்மா."

அவள் டீச்சரின் ஹேண்ட்பேக்கைப் பார்த்தாள்.

"சும்மா போடற மாதிரி இருந்தா எனக்கு வேணாம் மிஸ். ஃபாரத்துல காரணம்னு ஒரு கட்டம் இருக்குது. அத நான் எழுதல. நீங்க எழுதுங்க."

9

கதைக்கு முடிவு வேண்டும். மூன்று வைத்திருக்கிறேன்.

ஒன்று. டீச்சர் ஹெட்மாஸ்டரிடம் எல்லாவற்றையும் சொல்கிறாள். அவர் எழுந்து நின்று, உங்களைப் போல ஒத்துக்கொள்கிற தைரியம் யாருக்கு வரும் என்கிறார். சால்வையை மேடையில் டீச்சர் அஃப்ஷானுக்குப் போர்த்துகிறாள். இதை எழுதும்போது எனக்கே கண் கலங்கியது, அதனால்தான் கிழித்துவிட்டேன். தப்பு செய்தவளுக்கு ஒரு கைத்தட்டல் வாங்கிக் கொடுக்கிற முடிவு.

இரண்டு. சார் பாதியிலேயே கையமர்த்தி, இதையெல்லாம் வெளியே சொல்லுவாங்களா டீச்சர், விடுங்க, நான் சும்மாவே போட்டுவிடுகிறேன் என்கிறார். காரணம் என்ற கட்டத்தில் 'மாணவியின் விருப்பம்' என்று எழுதி மூடிவிடுகிறார்கள். எல்லோருக்கும் நிம்மதி. இளவழகன் சாரை எனக்குத் தெரியும், நடக்கக்கூடியது இதுதான். இதைத்தான் சும்மா என்றாள் அஃப்ஷான். அப்படி வருகிற சீட்டில் அவள் உட்காரமாட்டாள்.

மூன்று. ஃபாரம் ஹேண்ட்பேக்கிலேயே இருந்துவிடுகிறது. அதற்குக் கதையில் ஒரு வரி போதும், என் வாழ்க்கையில் அதைவிடக் குறைவு. நான் ஒன்றும் செய்ய வேண்டாம், மணி பத்து அடித்தால் தானாக நடந்துவிடும். மலரில் என் போட்டோ வரும்.

நாலாவதாக ஒன்று இருக்கிறது. கட்டுரைக்குப் பதில் இதையே மலருக்கு அனுப்பிவிடுவது. உண்மையைச் சொல்லிவிட்டோம் என்று தோன்றும். பெயரை மாற்றி, கதை என்று தலையில் போட்டு, டிசம்பரில் அச்சாகி வரும். அஃப்ஷானுக்கு நாளைக்குப் பத்து மணிதான் கணக்கு. இத்தனை பக்கம் எழுதியது அந்தக் கட்டத்தை எழுதாமல் தள்ளிப்போடத்தானோ என்று எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

10

இன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை, மத்தியானம் மூன்று மணி. ஃபாரம் மேஜைமேல் இருக்கிறது. ரோஷன் பீயின் கையெழுத்து இருக்கிறது. கீழே பரிந்துரைக்கும் ஆசிரியர் கையெழுத்துப் போட இடம் இருக்கிறது. நடுவில் அந்தக் கட்டம், இரண்டு வரி இடம். ஒரு வெள்ளைத்தாளில் எழுதிப் பார்த்தேன்.

மாணவியின் ஆர்வத்தையும் திறனையும் கருத்தில் கொண்டு

செய்முறை அளவீட்டில் ஏற்பட்ட வேறுபாட்டின் காரணமாக

மதிப்பீட்டு நடைமுறையில் நேர்ந்த தவிர்க்க இயலாத

தவிர்க்க இயலாததாம்! எத்தனை வார்த்தை வருகிறது பாருங்கள் எனக்கு. ஒவ்வொன்றும் நல்ல தமிழ், ஒவ்வொன்றும் பரீட்சையில் எழுதினால் மார்க் விழும். ஒன்றில்கூட நான் இல்லை, அந்தப் பெண்ணும் இல்லை.

நீங்கள் இதுவரை படித்துவிட்டீர்கள். என்ன நடந்தது என்று என்னைவிடச் சுருக்கமாக உங்களால் சொல்ல முடியும். யார் அளந்தாள், யார் அடித்தாள், அவ்வளவுதான் விஷயம். எழுதிப் பாருங்கள். புத்தகத்து வார்த்தை ஒன்றும் வேண்டாம். நானும் பேனாவைத் திறந்து வைத்திருக்கிறேன்.

காரணம்: அவள் அளந்தது சரி. அதை அடித்தது